ஐந்தாம் படிவம்

சட்டங்களை நாம் விமர்சிக்கிறோம். அவற்றின் பின்னால் இணைத்திருக்கும் படிவங்களை யாரும் வாசிப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு 2006இல் விதிகள் வந்தன. அவற்றோடு படிவங்களும் வந்தன. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பெண்களோடு துணைக்குப் போய்வந்த காலத்தில் அவற்றை நிரப்ப உதவியிருக்கிறேன். இப்போது ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கிறேன்.

முதல் படிவம், குடும்ப நிகழ்வு அறிக்கை. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. பொருளாதார வன்முறை என்ற தலைப்பின் கீழ் வாடகை கட்டாதது, வேலைக்குப் போகவிடாதது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, கரண்ட் பில் கட்டாதது என்று வரிசையாக வரும். "அவரு அடிக்கலையேக்கா, இதெல்லாம் கேஸாகுமா?" என்று கேட்ட ஒரு பெண்ணுக்கு அந்த வரிசையை வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். சிறிது நேரம் பேசவில்லை.

அறிக்கை பயணப்படுவது. பாதுகாப்பு அலுவலர் அதை நடுவருக்கு அனுப்ப வேண்டும். நகல் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். ஒரே அலுவலகத்தால் ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. 2015இல் வந்த ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மருத்துவம், காவல் உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரு கூரைக்குள் கொண்டுவர முயன்றன.

ஆனால் கூரை ஒன்றானாலும் மேசைகள் வேறு. நான் உடனிருந்த ஒரு நாளில் ஒரு பெண் ஐந்து முறை தன் கதையைச் சொன்னாள். நான்காம் முறை, "முன்னாடி எழுதினதையே எழுதிக்கங்க மேடம்" என்றாள். முதல் மேசையில் கணவன் கதவை உடைத்தது பதிவானது, நான்காவதில் ஆகவில்லை. சில மாதங்கள் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி அந்தக் கதவைப் பற்றியதுதான். அவளுடைய களைப்பு பொய்யாகிப்போனது.

அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் பெண்கள் காப்பகத்தையும் இணைத்துச் செயல்பட வைத்தவர்களில் ஒருவர் எலன் பென்ஸ். சமூகவியலாளர் டாரதி ஸ்மித்தின் முறையைக் கைக்கொண்டு, பின்னாளில் அவர் அலுவலர்களைத் திட்டுவதை விட்டுவிட்டுக் காகிதங்களைப் பின்தொடர்ந்தார். எந்த மேசையில் பெண்ணின் பாதுகாப்பு தாளிலிருந்து உதிர்ந்துபோகிறது என்று தேடினார். அந்தக் கேள்வியோடுதான் ஐந்தாம் படிவத்துக்கு வருகிறேன்.

அது பாதுகாப்புத் திட்டம். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இனி என்ன பயம் என்று கேட்க அதில் தனிப் பத்தி உண்டு. அவளோடு கலந்து பேசித்தான் தயாரிக்க வேண்டும் என்கிறது விதி. நான் பார்த்த கோப்புகளில் அது இல்லை. இருந்தால் முதல் படிவத்தின் நகலாக இருந்தது. பாதுகாப்பு அலுவலரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு ஆணையில் நடுவர் இட்ட கடமையைத் தக்க காரணமின்றிச் செய்யத் தவறினால் அவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆணையை மீறும் கணவனுக்கும் அதே அளவுதான்! நகலை வாங்கி அடுக்கிவைக்கும் காவல் நிலையத்துக்கு இந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஒருங்கிணைப்பு என்ற சுமை முழுவதும் கடைசியில் ஓர் அலுவலரின் தலையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்.

கதவு உடைபட்ட அந்தப் பெண்ணிடம் ஐந்தாம் படிவத்தின் கேள்வியை நான் கேட்டேன். வீட்டைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன். "ஸ்கூல் விடுற நேரம்க்கா. கேட்டுல வந்து நிப்பாரு" என்றாள்.

18ஆம் பிரிவில் பள்ளிக்கூடம் வருகிறது. பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால், அந்தக் குழந்தையின் பள்ளி. வாசலில் காத்திருக்கும் தாய் அங்கே இல்லை. குறிப்பிட்டு எழுதும் வேறு செயல்களையும் தடைசெய்யலாம் என்ற கடைசி உட்பிரிவின் கீழ் அதைக் கேட்டுப் பெறலாம். அதற்கு மனு எழுதுபவர் ஐந்தாம் படிவத்தைப் படித்திருக்க வேண்டும். எங்கள் மனு அதற்கு முந்தைய வாரமே தாக்கலாகிவிட்டிருந்தது.