ரொமெல்: கெட்டித்தனமும் குணமும்

ஒரு தளபதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எம்மவர் மத்தியில் இரண்டு கேள்விகள் ஒன்றாகிப் போய்விடுகின்றன. அவர் கெட்டிக்காரரா என்பது ஒன்று. அவர் நல்லவரா என்பது மற்றது. முதற் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைத்ததும் இரண்டாவதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாததுபோல் நடந்துகொள்கிறோம். இது எமக்கு மட்டுமுரிய பழக்கமல்ல. ஐரோப்பா எழுபது வருடங்களுக்கு மேலாக ஒரு மனிதர் விடயத்தில் இதையே செய்துவந்திருக்கிறது. ‘பாலைவன நரி’ என்று எதிரிகளாலேயே கொண்டாடப்பட்ட ஜேர்மன் பீல்ட் மார்ஷல் ஏர்வின் ரொமெல்தான் அவர். அவரை முன்வைத்து இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் கெட்டித்தனம். அதை மறுப்பது வீண்வேலை. 1891இல் ஹைடன்ஹைம் நகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் ரொமெல். பிரஷ்ய நிலவுடைமைக் குடும்பங்கள் செல்வாக்குச் செலுத்திய அதிகாரி வர்க்கத்தில் அவர் ஒரு வெளியாள். 1917 ஒக்ரோபரில் இத்தாலிய மலைமுனையில், கையிலிருந்த சில கொம்பனிகளுடன் மத்தாயூர் மலைவரை ஏறி, ஏறத்தாழ 9000 பேரைச் சிறைப்பிடித்தார். நேருக்கு நேர் மோதாமல் பின்புறமாக நுழைவது, எதிரி நிலைமையைப் புரிந்துகொள்ளும் முன்னரே அடுத்த இடத்துக்குப் போய்விடுவது என்பவையே அவரது முறை. 1937இல் வெளியான அவரது காலாட்படை பற்றிய நூல் இந்த அனுபவங்களிலிருந்து எழுதப்பட்டது. 1940 மே மாதம் பிரான்சில் இதே முறையை டாங்கிகளுடன் செய்துகாட்டினார். அவரது ஏழாவது கவசப் பிரிவு எங்கே நிற்கிறது என்பது சிலவேளை அவரது மேலதிகாரிகளுக்கே தெரியாது. அதனால்தான் அதற்குப் ‘பேய்ப் பிரிவு’ என்ற பெயர் வந்தது.

ஆனால் இது எவ்வகையான அறிவு? கண்ணுக்கு முன்னால் உள்ளதை மற்றவர்களைவிட விரைவாகப் பார்க்கும் அறிவு. கண்ணுக்கு எட்டாததைப் பார்க்கும் அறிவு வேறு. 1941 பெப்ரவரியில் திரிப்பொலியில் இறங்கிய ரொமெலுக்குத் தரப்பட்ட வேலை, தோற்றுக்கொண்டிருந்த இத்தாலியரைத் தாங்கிப் பிடிப்பது மாத்திரமே. அவரோ சில வாரங்களுக்குள் தாக்குதலைத் தொடங்கிவிட்டார். 1942 ஜூன் 21இல் ரொப்றுக் வீழ்ந்தது. ஏறத்தாழ 33,000 பேர் சிறைப்பட்டனர். பீல்ட் மார்ஷல் பட்டம் வந்தது. அதற்குப் பிறகு மால்ற்றாவைக் கைப்பற்றும் திட்டத்தை முதலில் நிறைவேற்ற வேண்டும் என்று கெசெல்றிங் வாதாடினார். ரொமெல் எகிப்துக்குள் ஓடவே விரும்பினார். ஹிட்லர் ரொமெலின் பக்கம் நின்றார்.

திரிப்பொலியிலிருந்து எல் அலமெயின் ஏறத்தாழ 2000 கிலோமீற்றர். பெற்றோலைக் கொண்டுவரும் லொறியே அந்தப் பெற்றோலில் பெரும் பங்கைக் குடித்துவிடும் தூரம் அது. இராணுவ வரலாற்றாசிரியர் மார்ட்டின் வான் கிறெவெல்ட் 1977இல் எழுதிய வழங்கல் பற்றிய நூலில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். கடலில் மூழ்கிய கப்பல்களைவிட, துறைமுகங்களின் கொள்ளளவும் தரைவழித் தூரமுமே ரொமெலை முடக்கின என்பது அவரது வாதம். தொழிற்சாலையில் வேலைசெய்யும் என்போன்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொருள் வந்துசேராவிட்டால் எவ்வளவு திறமான இயந்திரமும் நின்றுவிடும். நின்றபிறகு இயந்திரத்தின் வேகத்தைப் புகழ்ந்து பயனில்லை. தன் வெற்றியே தன் படையைப் பட்டினி போடுகிறது என்பதை ஒரு தளபதி காணத் தவறினால், அதை வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அது அறிவின் எல்லை.

இனி குணம். ரொமெலின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் சான்றுகளைத் தட்டிக்கழிக்க முடியாது. பிடிபட்ட கொமாண்டோக்களைக் கொல்லும்படி 1942 ஒக்ரோபரில் ஹிட்லர் பிறப்பித்த கட்டளையை அவர் தன் படையில் நடைமுறைப்படுத்தவில்லை. போர்க்கைதிகளைப் பொதுவாக ஒழுங்காக நடத்தினார். எல் அலமெயினில், நின்று சாகும்படி வந்த கட்டளைக்கு ஒரு நாள் கீழ்ப்படிந்து, மறுநாள் படையைப் பின்வாங்கச் செய்தார். இவை உண்மைகள். கிழக்கு முனையில் போரிட்ட பல ஜேர்மன் தளபதிகளிடம் இவற்றைக் காண்பது அரிது.

எனினும் இச்சான்றுகள் அனைத்தும் சீருடை அணிந்தவர்களுக்கு இடையிலான மரியாதையைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். சீருடை அணியாதவர்களை எங்கே தேடுவது? 1942இல் கிரெனெய்க்காவின் யூதர்களை இத்தாலிய ஆட்சி ஜியாடோ முகாமுக்கு அனுப்பியது. 500க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தனர். அதே வருடம் ஜூலையில், நடமாடும் நச்சுவாயு வண்டிகளை உருவாக்குவதில் முக்கிய பங்கு வகித்த வால்ற்றர் ரவ்ஃப் என்ற எஸ்.எஸ். அதிகாரி ரொப்றுக்கில் வந்திறங்கினார். ரொமெலின் படை எகிப்தைப் பிடித்ததும் அதன் பின்னால் சென்று யூதர்களைக் கொல்வதற்கான ஒரு குழு அவருக்குக் கீழ் தயாராக இருந்தது. மல்மன், கியூப்பர்ஸ் என்ற இரு ஜேர்மன் ஆய்வாளர்கள் 2006இல் இதனை விரிவாக வெளிக்கொணர்ந்தனர். ரொமெலுக்கு இது எந்தளவு தெரியும் என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடில்லை. என்னைப் பொறுத்தவரை கேள்வி அதுவல்ல. அவர் வென்றிருந்தால் அந்தக் குழுவுக்குப் பாதை திறந்திருக்கும். பாதை எங்கே போகிறது என்று கேளாமல் பாதை வெட்டுவதில் மாத்திரம் திறமை காட்டியவரின் குணத்தை, அவர் கைதிக்குத் தண்ணீர் கொடுத்ததை வைத்து அளந்துவிட முடியுமா?

‘சுத்தமான யுத்தம்’ என்பதும் பெருமளவுக்குப் பாலைவனத்தின் வெறுமை தந்த பெயர். அவர் வடக்கு இத்தாலியில் இருந்த 1943 செப்டெம்பரைப் பாருங்கள். நேற்றுவரை தோளோடு தோள் நின்ற இத்தாலியப் படையினரின் ஆயுதங்களைக் களைந்து ஜேர்மனிக்குக் கட்டாய உழைப்புக்கு அனுப்பும் வேலையில் அவரது படைத்தொகுதியும் பங்கெடுத்தது. எல்லா முனைகளிலுமாக அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 600,000 பேர். அங்கே பாலைவனத்துப் பெருந்தன்மையைக் காணோம்.

எமது பிராந்தியத்துக்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. வட ஆபிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டே சுபாஸ் சந்திர போஸ் ஜேர்மனியில் இந்தியப் படையணியை உருவாக்கினார். அவர்களில் ஒரு பகுதியினர் பிரான்சின் அத்திலாந்திக் கரையில் ஹிட்லரின் மதிலுக்குக் காவலாக நிறுத்தப்பட்டனர். 1944 பெப்ரவரியில் ரொமெல் அவர்களைப் பார்வையிடும் புகைப்படம் இன்றும் உள்ளது. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்து விடுதலை வேண்டியவர்கள், ஐரோப்பாவையே அடிமைப்படுத்தியவனின் மதிலுக்குக் காவல் நிற்கிறார்கள். எதிரியின் எதிரி நண்பன் என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட வேறு படம் வேண்டியதில்லை. அந்தத் தளபதி அவர்களுடன் கண்ணியமாகவே பேசியிருக்கலாம். மதில் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைக் கண்ணியம் மாற்றிவிடாது.

1944 ஜூலை 15இல் ரொமெல் ஹிட்லருக்கு அனுப்பிய அறிக்கையை அவரது மனச்சாட்சியின் சாட்சியாகக் காட்டுவர். துணிச்சலான அறிக்கைதான். நோர்மண்டியில் ஏறத்தாழ 97,000 பேரை இழந்துவிட்டோம், முடிவு நெருங்குகிறது, அதற்குரிய தீர்மானத்தை எடுங்கள் என்பது அதன் சாரம். ஆனால் யுத்தம் தோற்கிறது என்றே அது சொல்கிறது. யுத்தம் தவறு என்று சொல்லவில்லை. தன் பக்கத்து இறப்புகளை மாத்திரம் எண்ணுகிற கணக்கு அது. ஒக்ரோபர் 14இல், ஹிட்லர் மீதான கொலைமுயற்சியில் தொடர்புபடுத்தப்பட்டு, குடும்பத்தைக் காப்பாற்ற நஞ்சருந்தினார். அவரைக் கொன்ற அதே அரசு நான்கு நாட்களின் பின் உல்ம் நகரில் அரச மரியாதையுடன் அவரை வழியனுப்பியது. காயத்தால் இறந்தார் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இந்த முடிவு துயரமானது. ஆயினும் ஒருவர் கொல்லப்பட்ட விதம் அவர் வாழ்ந்த விதத்துக்கு நற்சான்றிதழ் ஆகாது.

அப்படியானால் இத்தொன்மத்தை யார் கட்டினார்கள்? முதலில் கோயபல்ஸின் பிரசாரம். அடுத்து, தோல்விக்கு ஒரு மேதையைக் காரணம்காட்ட வேண்டியிருந்த பிரித்தானியர். ரொமெலின் படையிடம் கைதியாக இருந்த டெஸ்மண்ட் யங்கின் வாழ்க்கை வரலாறு 1950இல் வந்தது. 1951இல் ஹொலிவூட் படம். 1953இல் லிடெல் ஹார்ட் தொகுத்த ரொமெலின் குறிப்புகள். மேற்கு ஜேர்மனி புதிய இராணுவத்தைக் கட்டிய காலத்தில் கறைபடியாத ஒரு முன்னோர் தேவைப்பட்டார். ரொமெலின் தலைமை அலுவலராக இருந்த ஹான்ஸ் ஸ்பைடெல் 1957இல் நேட்டோவில் உயர்பதவி ஏற்றார். ஆக, ஒருவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அவரை ஆராய்ந்ததால் வரவில்லை. தேவைப்பட்டவர்கள் அதை எழுதிக்கொண்டனர்.

ஹைடன்ஹைமில் 1961இல் எழுப்பப்பட்ட அவரது நினைவுக்கல்லை அகற்றுவதா விடுவதா என்று நெடுங்காலம் சர்ச்சை நடந்தது. 2020இல் ஒரு முடிவு கண்டார்கள். கல்லை அகற்றவில்லை. அதன் முன்னால் மிதிவெடியில் காலிழந்து ஊன்றுகோலில் நிற்கும் ஒரு மனித உருவத்தை நிறுத்தினார்கள். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் இரு தரப்பும் புதைத்த வெடிகள் யுத்தம் முடிந்து பல தசாப்தங்களாக இடையரையும் சிறுவரையும் கொன்றுவந்தன. புதைத்த தளபதிகளின் மேதமை பற்றி அந்த இடையருக்கு எதுவும் தெரியாது.

எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது. திறமையை மறைக்க வேண்டாம், கல் அங்கேயே இருக்கட்டும். ஆனால் அந்தத் திறமை எதற்குப் பயன்பட்டது, யார்மேல் விழுந்தது என்ற கேள்வியும் அதன் முன்னாலேயே நிற்க வேண்டும். கெட்டித்தனம் ஒரு கருவி. குணம் என்பது அக்கருவியை எவர் கையில் கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்பது. ரொமெல் தனது கருவியைக் கொடுத்தது ஹிட்லரின் கையில். கடைசி மாதங்கள்வரை அதைத் திருப்பிக் கேட்கவில்லை. தளபதிகளை எடைபோடும்போது இதையும் தராசில் வைக்கத் தவறும் அறிவுஜீவி, தளபதியைவிடப் பெரிய தவறைச் செய்கிறார் என்றே நான் சொல்வேன். தளபதிக்குக் களத்தில் அவகாசம் இல்லை. எமக்கு நிறையவே இருக்கிறது.