ஜாம்பிக்குப் போன மில்லியன் வெள்ளி

2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. தேக்கா முதல் ஜூரோங் வரை முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு. கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள்தாம் அந்தப் புகைமூட்டத்தை அதிகம் சுவாசித்தவர்கள். இந்தப் புகையைப் பிறக்கும் இடத்திலேயே தடுக்கச் சிங்கப்பூர் அதற்கு முன்பே பணம் போட்டிருந்தது என்பது இன்றும் பலருக்குத் தெரியாது.

2007இல் சுமத்ராவின் ஜாம்பி மாநிலத்தோடு சேர்ந்து, முவாரோ ஜாம்பி மாவட்டத்துக்கென ஒரு செயல்திட்டம் தீட்டப்பட்டது. சிங்கப்பூரின் பங்கு சுமார் 1 மில்லியன் வெள்ளி. துணைக்கோளப் படங்களைப் படித்துத் தீ எங்கே என்று கண்டுபிடிக்க உள்ளூர் அதிகாரிகளுக்குப் பயிற்சி, காற்றையும் வானிலையையும் அளக்கும் நிலையங்கள், எரிக்காமல் பயிரிடும் முறை, மாற்றுப் பிழைப்பாக மீன் வளர்ப்பு. திட்டம் 2011இல் முடிந்தது.

இதில் மெச்சத்தக்கது ஒன்று உண்டு. தீ வைக்காதே என்று உபதேசிப்பதோடு நிற்காமல், வைக்காவிட்டால் விவசாயி எதைத் தின்பான் என்றும் யோசித்தார்கள். நிலத்தைத் திருத்த ஏழைக்கு ஒரு தீப்பெட்டி போதும். இயந்திரம் அமர்த்த அவனுக்குக் கட்டுப்படியாகாது. உதவி தரும் நாடுகள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் நோயின் வேர் வேறிடத்தில். கரிச்சதுப்பு நிலம் நீரில் ஊறிக் கிடக்கும்வரை லேசில் எரியாது. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிறது. தீ நிலத்தடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும், மேலே தண்ணீர் ஊற்றியும் அடங்காது. பெரிய கால்வாய்களை வெட்டியவை உரிமம் பெற்ற நிறுவனங்கள். அவற்றை அடைக்காமல் மீன் குளத்துக்கு வழிகாட்டி என்ன பயன்? எல்லையும் பிசகியது. திட்டம் ஒரே மாவட்டத்துக்கு; 2013இன் புகை பெரும்பாலும் பக்கத்து ரியாவ் மாநிலத்திலிருந்து வந்தது. 2019 செப்டம்பரில் முவாரோ ஜாம்பியிலேயே பட்டப்பகலில் புகையால் வானம் ரத்தச் சிவப்பானது.

நார்வே வேறு வழியில் போனது. 2010இல் இந்தோனேசியாவுக்கு 100 கோடி டாலர் அறிவித்து, காடழிப்பு குறைந்தால்தான் காசு என்றது. விளைவை அளந்த வகையில் அது ஜாம்பித் திட்டத்தைவிடக் கறாரானது. ஆனால் பணம் வரவில்லை என்று சொல்லி 2021இல் இந்தோனேசியா உடன்பாட்டை முறித்துக்கொண்டது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது, கொடுப்பவர் தம் கையைப் பார்க்காதது. சிங்கப்பூரின் 2014 எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம்தான் நிறுவனங்கள் மீது வழக்குப் போட வழி செய்தது. 2015 அக்டோபரில் ஃபேர்பிரைஸ் பேரங்காடி, புகைமூட்டத்தை முன்னிட்டுக் காகித நிறுவனமான ஏஷியா பல்ப் அண்ட் பேப்பரின் பொருள்களைத் தன் அலமாரிகளிலிருந்து இறக்கியது, பேசியோ திசுத்தாள் உட்பட. இவையெல்லாம் 2007இலேயே திட்டத்தின் மறுபாதியாக இருந்திருக்க வேண்டியவை.

1992 முதல் வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தில் இப்போது நீடித்த நிலைத்தன்மைக்கென்றே தனிப் பயிற்சித் தொகுப்பு உண்டு. பயிற்சி நல்லதுதான். மாவட்ட அதிகாரியை வகுப்புக்கு அழைக்கும்போதே, அவர் வட்டாரத்துத் தோட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியையும் அதே மேசையில் உட்கார வைக்கலாமே.