அப்பத்தாவுக்குக் குரல் போதும்

ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுகலை படிக்கிறேன். குடும்பம் தேனிப் பக்கம். எங்களுக்கு நடுவே இருப்பது வாட்ஸ்அப். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டைப் பிரிந்து படிக்கிறவருக்கு அதில் உள்ள மிகச் சிறந்த வசதி குரல் செய்திதான், வீடியோ அழைப்புகூட அதற்கு அடுத்த இடம்தான்.

காரணம் நேரம். ஆய்வக வேலை முடித்து மாலை 6 மணிக்கு அறைக்கு வந்தால், குளிர்காலத்தில் ஊரில் இரவு 10.30. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால் 9.30. அப்பத்தா எட்டரைக்கெல்லாம் படுத்துவிடும். அதனால் நடந்து வரும்போதே பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுவேன். மைக் பொத்தானை அழுத்தி மேலே தள்ளினால் பதிவு பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிடலாம். சாலையைக் கடக்கும்போது நிறுத்தி, பிறகு தொடரவும் முடியும். காலையில் நான் எழுவதற்குள் மைக் குறி நீலமாகியிருக்கும், கேட்டாயிற்று என்று பொருள். அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற சிரமம் இல்லை, வேண்டும்போது திரும்பவும் போட்டுக் கேட்கும். அதன் பதிலில் சேவல் கூவுவதும் பால்காரர் குரலும் சேர்ந்தே வரும். ஒன்றரை, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதியை அப்பத்தாவின் செய்திக்கு நான் பயன்படுத்துவதில்லை. பேச்சுக்கு நடுவே அது யோசித்து நிறுத்துவதும் எனக்கு வேண்டும்.

வீடியோ அழைப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு. இங்கே வைஃபையில் படம் தெளிவு. ஊரில் சிக்னல் குறையும்போது முகம் உறைந்துவிடுகிறது. அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ பகுதிக்குள் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டால் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் பேச்சு அறுபடாது. எனக்கு அது போதும். குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், ஆனால் ஐந்தாறு பேரைத் தாண்டினால் ஒருவர் பேச்சும் விளங்காது.

2023-இல் வந்த திரைப்பகிர்வு உண்மையிலேயே உதவியானது. அப்பா தன் ஃபோன் திரையைக் காட்ட, நான் இங்கிருந்து படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் கடவுச்சொல், ஓடிபி உட்பட எல்லாமே எதிரே இருப்பவருக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர் கேட்டால் திரையைப் பகிரவே கூடாது என்று பெற்றோருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

எல்லா நாட்டுக்கும் இந்தச் செயலி பொருந்தாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை, ஆனால் குரல் செய்தி போகும். சீனாவில் வாட்ஸ்அப்பே முடக்கம். அங்கே புழங்கும் வீசாட்டை இந்தியா 2020-இல் தடைசெய்துவிட்டது. சீனாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டு தடைக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள்.

கிளம்பப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மன் சிம் வாங்கினாலும் வாட்ஸ்அப்பை ஊர் எண்ணிலேயே வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விடாதீர்கள். 90 நாள் பயன்பாடு இல்லாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணையும் போட்டுவையுங்கள். பெரியவர்களின் குரல் செய்திகளை மட்டும் தனியாக வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள்.