தொகுப்பு என்னும் சொல்

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் “தொகுப்பு” என்னும் சொல் மலிந்து காணப்படுகின்றது. மூவர் கருத்தை முறையே எடுத்துக் கூறி, ஈற்றில் “இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து” எனத் தொடங்கும் ஒரு பந்தியோடு ஆராய்ச்சி நிறைவெய்தி விடுகின்றது. அப்பந்தியில் அம்மூவர் கருத்தும் சுருங்கி நிற்குமேயன்றிப் புதியதொன்றும் பிறந்திராது. இதற்கு எழுதுவோரின் சோம்பலை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. சொல்லும் ஓரளவு பொறுப்புடையது.

தமிழில் தொகுத்தல் என்பது இரு வேறு செயல்களைக் குறிக்கும். குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என்பர். அத்தொகையுள் ஒவ்வொரு பாட்டும் தனித்து நிற்கின்றது. ஒன்றை நீக்கினும் மற்றையவற்றின் பொருள் குன்றாது. இலக்கணத்தார் கூறும் தொகையோ இதனின் வேறு. “பொற்றொடி வந்தாள்” என்னுமிடத்து வந்தது பொன்னுமன்று, தொடியுமன்று. அத்தொடியை அணிந்த பெண். அன்மொழித்தொகையில் இரு சொற்கள் கூடி, இரண்டிலும் இல்லாத ஒரு பொருளைத் தருகின்றன. அங்ஙனம் கூடுதற்கு உருபு முதலியன மறைந்தேயாக வேண்டும். மறைதல் இன்றேல் தொகையும் இல்லை.

மேலைநாட்டார் வழங்கும் “சிந்தெசிஸ்” என்னும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ஒருங்கு வைத்தல் என்பதாம். அஃது எவ்வகை வைப்பு என்பதைத் துறைதோறும் நோக்குதல் வேண்டும். 1828இல் வோலர் என்னும் செருமானிய இரசாயனர் அமோனியம் சயனேற்றிலிருந்து யூரியாவைப் பெற்றார். இரண்டிலும் உள்ள அணுக்கள் அவையே, வைப்புமுறையே வேறு. (அவ்வொரு பரிசோதனையால் உயிர்விசைக் கொள்கை அன்றே வீழ்ந்தது எனப் பாடநூல்கள் உரைப்பது மிகைக்கூற்று.)

தாவரவியலார் சொல் இன்னும் சுவையானது. இலங்கைப் பாடநூல்கள் ஒளித்தொகுப்பு என்கின்றன. தமிழ்நாட்டார் ஒளிச்சேர்க்கை என்பர். அதன்கண் வெளிவரும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்தன்றி நீரிலிருந்தே வருகின்றது என்பதற்கு 1941இல் ரூபனும் கேமனும் பாரமான ஒட்சிசனைக் கொண்டு சான்று காட்டினர். எனவே, வெல்லம் உருவாதற்கு முன் நீர் பிளவுபட வேண்டும். சேர்க்கை என்னும் சொல் இப்பிளவை மறைக்கின்றது. தொகுப்பு என்பதும், பாட்டுத்தொகையை நினைந்து வழங்கின், அதே குற்றத்துக்கு ஆளாகும். இலக்கணத் தொகையை நினைந்து வழங்கின் பெரிதும் பொருந்தும். ஆதலின் எம்மவர் வழக்கையே யாம் விரும்புகின்றோம்.

மெய்யியலில் நேர்ந்த குழப்பமே பெரிது. கொள்கை, எதிர்க்கொள்கை, தொகுப்பு என்னும் மூன்றையும் ஹெகலின் வாய்பாடாக மாணாக்கர் மனனஞ் செய்கின்றனர். ஹெகல் தம் முறைக்கு அவ்வாய்பாட்டை இட்டவரல்லர். அச்சொற்கள் ஃபிக்டே என்பாரிடத்துக் காணப்படுவன. அதனினும் தீங்கானது, இரு கட்சியாரையும் பாதி வழியில் நிறுத்திச் சமாதானஞ் செய்வதே தொகுப்பு எனக் கொள்ளுதல். நீக்குதல், காத்தல், உயர்த்துதல் ஆகிய மூன்று பொருளும் ஒருங்கே அமைந்த ஒரு செருமானியச் சொல்லையே ஹெகல் ஆண்டார். நீக்குதலை விட்டு ஏனை இரண்டையும் கொள்வது எளிது. நம் கட்டுரையாளர் செய்வதும் அதுவே.

நீக்குதல் நிகழ்ந்த தொகுப்புக்கு உயிரியலில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. சூலியன் ஹக்ஸ்லி 1942இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே புதிய தொகுப்பு என்னும் தொடர் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டார்வினின் இயற்கைத் தேர்வும் மெண்டலின் மரபு விதிகளும் ஒன்றுக்கொன்று முரணானவை எனப் பலர் எண்ணினர். நுண்ணிய காரணிகள் பல கூடின் தொடர்ச்சியான வேறுபாடு தோன்றும் என 1918இல் ஃபிஷர் கணித வாயிலாகக் காட்டியபின் அம்முரண் தளர்ந்தது. ஆயினும் இரு சாராரும் கொண்டுவந்த யாவும் அத்தொகுப்பில் இடம்பெற்றில. பெற்றோர் இயல்புகள் பாலும் நீரும்போலக் கலந்துவிடும் என்று டார்வின் காலத்தார் கொண்ட கருத்தும், புதிய இனங்கள் ஒரே பாய்ச்சலில் தோன்றும் என்று மெண்டல் வழியினர் சிலர் கொண்ட கருத்தும், வேற்றுமைத்தொகையில் உருபு மறைவதுபோல, அங்கே மறைந்தன.