வடிதாளும் ஒளிக்கற்றையும்

கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவின் அலெர்ட் நிலையத்தில், மாதக்கணக்கான இரவு முடிந்து சூரியன் தலைகாட்டும் வேளையில் தரையோர ஓசோன் காணாமல் போகிறது. நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு 30, 40 என்று இருந்தது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். உயரே அடுக்குமண்டலத்தில் ஏற்படும் ஓசோன் ஓட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பனியை உரசிக்கொண்டு கிடக்கும் காற்றில் நடப்பது. புரோமின்தான் காரணம் என்று 1988இல் 'நேச்சர்' இதழில் லியோனார்ட் பாரி குழுவினர் எழுதினார்கள். இன்று அது பாடநூல் செய்தி. ஆனால் எந்த அளவீடு அதைத் தாங்குகிறது?

1988இன் சான்று வடிதாள். காற்றை அதன் வழியே உறிஞ்சி, தாளில் படிந்த புரோமினை அளந்தார்கள். ஓசோன் குறைந்த நாள்களில் புரோமின் கூடியிருந்தது. கூர்மையான கவனிப்புதான், நிரூபணம் அல்ல. தாளில் சிக்கியது எந்தச் சேர்மம் என்று தாள் சொல்லாது. பெரும்பாலும் அது வேலை முடித்து அடங்கிய புரோமைடு. எரிந்த வீட்டில் சாம்பலைக் கண்டோமே தவிர, தீயைப் பார்க்கவில்லை.

தீயைப் பார்த்தது 1992இல். மார்ட்டினா ஹவுஸ்மன், உல்ரிச் பிளாட் இருவரும் அதே அலெர்ட்டில் பனிப்பரப்பின் மேல் நெடுந்தூரம் ஒளிக்கற்றையைச் செலுத்தி, அதில் எந்த அலைநீளங்கள் உறிஞ்சப்பட்டன என்று பார்த்தார்கள். புரோமின் அணு ஓசோனைத் தாக்கும்போது பிறக்கும் புரோமின் மோனாக்சைடின் தடம் அதில் தெரிந்தது: லட்சம் கோடிக்கு 17 மூலக்கூறுகள் வரை. என் மதிப்பில் இந்தத் துறையின் தலைசிறந்த அளவீடு இதுவே. சேர்மத்தின் அடையாளம் ஐயமற்றது. அளவை வைத்து வேகத்தையும் கணக்கிடலாம்.

கணக்கிட்டால் ஒரு சங்கடம் எழுகிறது. இந்த அளவு புரோமின் ஓசோனைத் துடைத்தெடுக்க நாள்கணக்கில் ஆகும். நிலையத்துக் கருவியோ சில மணி நேரத்தில் சரிவைக் காட்டுகிறது. அப்படியானால் அந்தச் சரிவின் பெரும்பகுதி அங்கே நடந்த வேதிவினை அல்ல. வேறெங்கோ ஓசோனை இழந்த காற்றை உறைகடல் மேலிருந்து காற்றோட்டம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒரே இடத்துச் சரிவின் வேகத்தை வினையின் வேகமாக வாசிப்பது பிழை.

இன்னொரு கண்ணி உண்டு. மோனாக்சைடு உண்டாகவே ஓசோன் வேண்டும். ஓசோன் முற்றிலும் தீர்ந்த காற்றில் அதன் அளவு பூஜ்யத்தை நெருங்கும். புரோமின் அணுக்களோ அங்கேயே திரியும். கருவி எதையும் காட்டவில்லை என்பதால் புரோமின் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அலாஸ்காவின் உட்கியாக்விக்கில் 2012 வசந்தத்தில் அணுப் புரோமினையே நேரடியாக அளந்து, 2019இல் வெளியிட்டபோதுதான் இந்த இடைவெளி அடைபட்டது.

செயற்கைக்கோள் படங்களில்தான் எனக்குத் தயக்கம். 1995இல் ஏவப்பட்ட கோமி கருவி வடதுருவம் நெடுக மோனாக்சைடுத் திட்டுகளைக் காட்டியது. அழகான வரைபடங்கள். ஆனால் மேலிருந்து பார்க்கும் கருவி காற்றுத் தூண் முழுவதையும் சேர்த்தே எண்ணுகிறது. அதில் கணிசமான பங்கு அடுக்குமண்டலத்துடையது. அதைக் கழிக்கும் முறையில் சிறு பிழை நேர்ந்தாலும் தரையில் இல்லாத திட்டு முளைக்கும். சில திட்டுகள் மேலடுக்கின் விளைவே என்று 2010இல் ராஸ் சாலாவிச் குழு காட்டியது.

ஆகவே, தரையோர ஓசோனைப் புரோமின் அழிக்கிறது என்பதை ஒளிக்கற்றையும் அணு அளவீடும் ஐயமின்றி நிறுவிவிட்டன. ஆனால் செயற்கைக்கோள் திட்டை மட்டும் காட்டி, அதன் கீழே ஓசோன் அழிந்தது என்று சொல்லும் ஆய்வை, தரையிலோ பலூனிலோ எடுத்த ஓசோன் அளவு உடன் இல்லாவிட்டால் நான் ஏற்க மாட்டேன்.