தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வீடு

சென்னையில் ஏப்ரலும் மேயும் வீடு மாறும் மாதங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு சாமான்களைக் கட்டி, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் புது இடத்தில் இறக்கிவிட வேண்டும் என்று குடும்பங்கள் பரபரக்கின்றன. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் பெரம்பூரிலும் பல வருஷம் வாடகைக்கு இருந்தவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று போகிறார்கள். உள்ளே மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், ஓ.எம்.ஆரில் நாவலூர், கேளம்பாக்கம். காரணம் கேட்டால் சொந்த வீடும் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடமும் ஒரே மூச்சில் வரும். ஆபீஸ் கொஞ்சம் தூரம், பழகிவிடும் என்பார்கள்.

இதை ஆசைப்பட்டு எடுத்த அவசர முடிவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நகரத்துக்குள் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் புறநகரில் கடன் தவணையின் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். குழந்தை சைக்கிள் ஓட்ட ஒரு தெரு கிடைக்கும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் இந்தக் கணக்கைப் போடும்போது பணம் ரூபாயில் எழுதப்படுகிறது, தூரம் கிலோமீட்டரில் எழுதப்படுகிறது, நேரம் மட்டும் எழுதப்படுவதே இல்லை. எழுதினாலும் அப்பா ஆபீஸ் போய்வரும் நேரத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டிலேயே வயதில் சிறியவர் தினமும் எவ்வளவு நேரம் சாலையில் இருக்கப்போகிறார் என்பதை முதல் வரியில் எழுதாத எந்த இடமாற்றக் கணக்கும் தப்புக் கணக்கு என்றே சொல்வேன்.

முன்பு இந்தக் கணக்கு எளிதாக இருந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே பெருகின. வேலை கோட்டையிலோ பாரிமுனையிலோ இருந்தது. அப்பா சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். பிள்ளைகள் அதே ஊரிலிருந்த பள்ளிக்கு நடந்தார்கள். பயணச் சுமையைப் பெரியவர் ஒருவர் ஏற்றார், அதுவும் நேரம் தவறாத ரயிலில். புறநகர் வாழ்க்கை நல்லது என்று அந்தத் தலைமுறை நம்பியதற்கு இந்த ஏற்பாடுதான் ஆதாரம்.

2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. வேலையே தெற்கே நகர்ந்து சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் போனது. ரயில் கூடப் போகவில்லை. இன்று ஒரு வீட்டில் கணவன் சிறுசேரி சிப்காட்டிலும் மனைவி அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்ப்பது சாதாரணம். இருவருக்கும் பக்கமாக ஒரு வீடு இந்த நகரத்தின் வரைபடத்திலேயே கிடையாது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அது பெரும்பாலும் யார் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மனைவி வீட்டுக்குப் பக்கத்தில் சம்பளம் குறைந்த வேலைக்கு மாறுகிறார், அல்லது வேலையை விடுகிறார். புது வீட்டின் விலையில் அவர் இழந்த சம்பளத்தையும் பி.எஃப். பணத்தையும் அனுபவத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

வரப்போகும் ரயிலை நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. அடுக்குமாடி விற்பவர்களின் வரைபடத்தில் மெட்ரோ எப்போதுமே அடுத்த தெருவில் நிற்கும். இரண்டாம் கட்ட மெட்ரோ மொத்தம் சுமார் 119 கி.மீ.; மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான வழித்தடமும் அதில் அடக்கம். ஒன்றிய அரசின் ஒப்புதல் 2024 அக்டோபரில் கிடைத்தது. மெட்ரோ வந்தால் ஓ.எம்.ஆர். வாழ்க்கை மாறும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பறக்கும் ரயிலின் கதையையும் நினைவில் வைக்க வேண்டும். வேளச்சேரிக்கு 2007-ல் அது வந்து சேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்தது வெறும் ஐந்து கி.மீ. நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் சிக்கி அந்த ஐந்து கி.மீ. பதினைந்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம் அது. எனவே இன்று ஓடுகிற வண்டியை வைத்துத்தான் வீட்டை எடைபோட வேண்டும்.

இனி பள்ளி. நல்ல பள்ளிக்காக வீடு மாறும் வழக்கம் அமெரிக்காவில் மிக வலுவானது. அதற்கு அங்கே சட்டபூர்வமான காரணமும் உண்டு. எந்த முகவரியில் இருக்கிறீர்களோ பெரும்பாலும் அந்த எல்லைக்குரிய அரசுப் பள்ளியில்தான் பிள்ளைக்கு இடம். பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999-ல் பாஸ்டன் புறநகர்ப் பகுதிகளில் பள்ளி எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளின் விலையை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று கண்டார். அங்கே வீட்டு விலைக்குள்ளேயே பள்ளியும் அடக்கம்.

சென்னையில் அப்படி இல்லை. தனியார் பள்ளிக்கு எல்லைக்கோடு கிடையாது. பள்ளிக்கு எதிர்வீட்டில் குடியிருந்தாலும் இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பேர்பெற்ற பள்ளிகளில் கோடை வருவதற்கு முன்பே சேர்க்கை முடிந்துவிடும். மே மாதம் சாமானோடு வந்து இறங்குகிறவர்களுக்கு எஞ்சிய பள்ளிகளே கிடைக்கும். முகவரி உண்மையிலேயே செல்லுபடியாகும் ஓர் இடம் உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்கள். தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து ஒரு கி.மீ.க்குள் குடியிருப்பவர்களுக்கே அதில் முன்னுரிமை. ஆக, முகவரியால் பள்ளியில் பலன் பெறக்கூடியவர்கள் ஏழைக் குடும்பங்கள். பள்ளிக்காக இடம் தேடி மாறும் வசதியோ அவர்களுக்கு இல்லை.

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று முடிவுசெய்யும் விதத்திலும் எனக்குக் குறை உண்டு. சி.பி.எஸ்.இ.யா, கட்டடம் எப்படி, வாசலில் மாட்டியிருக்கும் பேனரில் எத்தனை முகங்கள் என்று பார்க்கிறார்கள். போன வருஷம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. புதிதாக முளைத்த பள்ளியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் பத்தி ஒன்றைத் தடங்கலில்லாமல் படிக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம். குடியேறும் ஊரின் அரசுப் பள்ளிக்குள் நுழைந்துகூடப் பார்க்காமல் அதை விட்டுவிடுவது இன்னொரு பெரிய குறை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அந்த வகுப்புகளை அரசுப் பள்ளியில் முடித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பிள்ளையின் பதினேழாம் வயதில் பலிக்கும். எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் காலை வழிபாட்டு நேரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதும், பார்க்காமலே சொல்வதும் வேறு வேறு.

பள்ளியை விடவும் வேனைப் பற்றி நான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012 ஜூலையில் முடிச்சூரில் ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. இன்று ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் தரையையும் படியையும் அவசர வழியையும் சோதிக்கிறார்கள். பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும். இவை அந்தக் குழந்தையின் உயிரை விலையாகக் கொடுத்து வந்த பாதுகாப்புகள். ஆனால் புறநகரில் பிள்ளைகள் ஏறும் எல்லா வண்டியும் பள்ளிப் பேருந்து அல்ல. பெற்றோர் பேசி அமர்த்திய வேனும் ஆட்டோவும் ஏராளம். அந்த வருடாந்தர வரிசையில் அவற்றை நான் பார்த்ததில்லை.

பாதுகாப்பான வண்டியே கிடைத்தாலும் நேரம் போகத்தான் செய்யும். பள்ளி வேன் நேராகப் போவதில்லை, ஒவ்வொரு தெருமுனையாகச் சுற்றுகிறது. எட்டு கி.மீ. தூரத்துப் பள்ளிக்கு முதலில் ஏறும் குழந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும். மாலையிலும் பெரும்பாலும் அதே கதி. ஐந்தரைக்கு எழுப்பி, தூக்கக் கலக்கத்தில் இட்லியை ஊட்டி, ஆறரைக்குத் தெருமுனையில் நிறுத்துகிறோம். சைக்கிள் ஓட்டத் தெரு கிடைத்தது என்று மகிழ்ந்தோமே, அந்தக் குழந்தை திரும்பி வரும்போது இருட்டுகிறது.

சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் அலாய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃப்ரேயும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து, அதிக நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்களின் மனநிறைவைப் பார்த்தார்கள். பொருளியல் கோட்பாட்டின்படி, தூரத்தின் கஷ்டத்தைக் கூடுதல் சம்பளமோ மலிவான நல்ல வீடோ ஈடுகட்டியிருக்க வேண்டும். ஈடுகட்டவில்லை, பயண நேரம் கூடக்கூட வாழ்க்கை பற்றிய நிறைவு குறைந்தது. தங்கள் பயணத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த வளர்ந்தவர்களின் கதை இது. வேனில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக்காரி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

எந்த வயதில் மாறுகிறோம் என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1990-களில் நடந்த ஒரு சோதனையில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவி தரப்பட்டது. ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2016-ல் அந்தப் பிள்ளைகளின் பிற்கால வருமானத்தைப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் நல்ல பகுதிக்குப் போனவர்களுக்கு இருபதுகளின் நடுவில் வருமானம் 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்குப் பின் போனவர்களுக்குப் பலனில்லை. சற்று நஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். அது வேறு நாடு, வேறு வறுமை. எண்ணை அப்படியே எடுத்துவர முடியாது. இடம் மாறுவதே வளரும் பிள்ளைக்கு ஒரு அடி, புது இடத்தில் நீண்ட காலம் வாழ்ந்தால்தான் அது ஆறும் என்ற காரணம் மட்டும் இங்கேயும் பொருந்தும். ஒன்பதாம் வகுப்பில் டி.சி. வாங்கி, மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறி, நண்பர்களையும் இழந்து, அடுத்த வருஷமே பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையின் நிலை எந்த ஆய்வும் இல்லாமலே நமக்குப் புரியும்.

இதைப் பேசும்போது பெரும்பாக்கத்தைச் சொல்லாமல் நகர முடியாது. மதில்சுவரும் காவலாளியும் உள்ள அடுக்குமாடிகளுக்குப் பலர் விரும்பிக் குடிபோகும் அதே பகுதியில், கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கான பல ஆயிரம் அரசு வீடுகள் இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அகற்றல் வேகமெடுத்தது. படிப்பின் நடுவில், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில்கூட லாரியில் ஏற்றப்பட்டவர்கள் உண்டு. வேலை பழைய இடத்தில், வீடு இருபது கி.மீ.க்கும் அப்பால், பள்ளி எங்கே என்பதற்குப் பதில் இல்லை. பழைய பள்ளியையே தொடர நினைத்த பிள்ளைகள் விடியுமுன் பஸ் ஏறினார்கள். முடியாதவர்கள் நின்றுவிட்டார்கள். நடுத்தரக் குடும்பம் மாதக்கணக்கில் யோசித்தும் தவறவிடுகிற அதே கேள்வியை, இங்கே அரசே கேட்காமல் விட்டது. இதில் எனக்குக் கோபம் உண்டு. விரும்பி மாறுகிறவர்களின் தவறை அவர்களே திருத்திக்கொள்ளலாம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

வெள்ளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் எப்படி மூழ்கின என்பது எல்லோருக்கும் தெரியும். வீடு பார்க்கக் கோடையில் மட்டும் போகாமல் ஐப்பசி மழையிலும் ஒருமுறை போய், வீட்டிலிருந்து பள்ளி வரை நடந்து பார்க்க வேண்டும்.

மாற நினைப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே: முதலில் வாடகைக்குப் போங்கள். ஒரு கல்வியாண்டு அங்கே வாழ்ந்துவிட்டு வாங்குங்கள். பள்ளியை முதலில் முடிவுசெய்து, அங்கே பிள்ளை நடந்தோ பத்து நிமிஷத்திலோ போகும்படி வீட்டைத் தேடுங்கள். இதனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பயணம் நீளும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குப் பக்கமாக இருந்தால் பெரியவர்கள் அதைச் சமாளிக்கலாம். வண்டிகள் ஊர்ந்து நகரும் சாலையைவிட மின்சார ரயிலை ஒட்டிய பழைய புறநகர்களுக்கு, வீடு கொஞ்சம் சிறியதானாலும், என் ஓட்டு.

தனிக் குடும்பத்தின் சாமர்த்தியம் இதற்கு மேல் போகாது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்ற விதியை நாம் கொண்டுவந்திருக்கிறோம். அதேபோல, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறப் போகும் இடத்தில், அவர்களின் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி எங்கே வரும் என்று கேட்டு, அதற்கான நிலம் கைக்கு வந்த பிறகே அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கூடுவாஞ்சேரியைத் தாண்டி இன்று அளந்து கல் நடப்படும் ஒவ்வொரு மனைக்கும் இது பொருந்த வேண்டும், பெரும்பாக்கத்தில் அரசு கட்டும் அடுத்த தொகுதிக்கும்தான்.