நட்சத்திரப் புட்டியில் கருப்பட்டி வாசம்

தின்பண்டங்களின் மணத்தை மேனியில் பூசிக்கொள்ளும் சுகந்தமாக்கலாம் என்ற எண்ணம் பாரிஸ் நகரத்தில் 1992-ஆம் ஆண்டில்தான் உருப்பெற்றது என்று வாசனைத் தைலங்களின் சரித்திரம் எழுதுவோர் பொதுவாகச் சொல்வார்களாயினும், பனையேறிகள் குடியிருந்த கொல்லயில் கிராமத்தில் வளர்ந்த எனக்கு அதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளத் தயக்கமாகவே இருக்கிறது. ஏனென்றால், வேனிற்காலத்தில் அக்கானி காய்ச்சும் அடுப்படியிலிருந்து வெளியே வரும் பெண்களின் சேலையில், எரியும் ஓலையின் புகையும், பாகின் இனிப்பும், அடிப்பிடித்த ஓரத்தின் கசப்பும் கலந்த ஒரு பரிமளம் காசின்றி ஏறியிருந்ததை என் பால்யத்தில் நாள்தோறும் நுகர்ந்திருக்கிறேன். இப்போது இங்கே பனைகள் அருகிவிட்டன. கருப்பட்டி பெரும்பாலும் களியக்காவிளைக்கு அப்பாலிருந்து, சிரட்டையின் வடிவம் மாறாமல், கடைக்கு வந்து சேருகிறது.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் 'ஏஞ்சல்' என்ற அந்த 1992-ஆம் ஆண்டுத் தைலத்தின் புட்டியொன்றை என் கையில் கொடுத்தபோது, அதை ஒரு புது யந்திரத்தைச் சோதிப்பது போலவே சோதிப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன். இதைச் செய்வித்தவர் தியெரி முக்ளேர் என்ற ஆடைக் கலைஞர். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தவர். சிறுவயதில் சந்தைத் திடல்களில் நுகர்ந்த மிட்டாய்களின் மணம் வேண்டுமென்று அவர் கேட்க, ஒலிவியே கிரெஸ்ப் என்ற தைலக் கலைஞர், தின்பண்டத் தொழிலில் முன்பே வழங்கிவந்ததும் பஞ்சுமிட்டாயின் மணத்தை அப்படியே தருவதுமான எத்தில் மால்டால் என்ற ரசாயனப் பொருளைத் துணிந்து எடுத்தாண்டார். இனிப்பு மணம் அதற்கு முன் தைலங்களில் இல்லாமலில்லை. 1925-இல் வெளிவந்த 'ஷாலிமார்' வனிலாவின் மணத்தாலேயே புகழ்பெற்றது. ஆனால் மிட்டாய்க் கடையையே புட்டிக்குள் இறக்கியது இதுதான்.

புட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஐந்து முனை நட்சத்திரம். பார்வைக்கு அழகு, பிடிக்க உபத்திரவம். தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்பது மெச்சத்தக்க ஏற்பாடு. திரவத்தின் நிறம்தான் என்னைச் சற்றுத் திகைக்க வைத்தது: வெளிர்நீலம். நம் இனிப்புகளில் எது நீலமாக இருக்கிறது?

காலை ஏழு மணிக்கு, குளித்து ஈரம் துவட்டிய இடது மணிக்கட்டில் ஒரு பீச்சும், பழைய கலியாணப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த தடித்த காகிதத் துண்டில் ஒரு பீச்சுமாகத் தெளித்துக்கொண்டேன். சாராயத்தின் ஆவி பறந்தவுடன் முதலில் எழுந்தது இனிப்பே அல்ல. நாரத்தைத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்தக் காரமும், அதனடியில் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாற்போன்ற ஒரு கூர்மையுமே எழுந்தன. கால் மணி நேரத்தில் அவை அகன்று, பஞ்சுமிட்டாயும் தேனும் கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இது சகிக்க முடியாத தித்திப்பாகப் போகிறதே என்று நான் கவலைப்பட ஆரம்பித்த வேளையில், மண்ணுக்கடியிலிருந்து வருவது போல ஓர் இருண்ட மணம் மேலேறி, அத்தனை தித்திப்பையும் தன் தோளில் வாங்கிக்கொண்டது.

அது பச்சோலி. அந்தப் பெயருக்கே அகராதிக்காரர்கள் தமிழைத்தான் மூலமாகக் காட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரச் சால்வைகளைக் கப்பலேற்றியவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையை மடிப்புகளுக்கிடையே வைத்து அனுப்ப, ஐரோப்பியச் சீமாட்டிகள் அந்த வாசனையையே அசல் இந்தியச் சால்வைக்கு அடையாளமாகக் கொண்டார்கள் என்பது வர்த்தக சரித்திரத்தின் ருசிகரமான செய்தி. ஈரமண்ணும், பூட்டிவைத்த மரப்பெட்டியும், கோக்கோவின் கசப்பும் அதிலே உண்டு. மிட்டாய்க்கு எதிராக இவ்வளவு பச்சோலியை நிறுத்தியதில்தான் கிரெஸ்பின் சாமர்த்தியம் இருக்கிறது. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த நாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காகிதத் துண்டோ இந்தக் கதையைச் சொல்லவே இல்லை. மதியம் வரை அதில் மிட்டாயே மேலோங்கி நின்றது. இலேசான பொருள்கள் உடற்சூட்டில் விரைந்து ஆவியாகிவிட, கனத்தவை சருமத்தின் எண்ணெய்ப் பசையைப் பற்றிக்கொண்டு தங்குகின்றன; காகிதத்திலோ சூடுமில்லை, பசையுமில்லை. ஆகையால் கடையில் அட்டையை முகர்ந்துவிட்டுப் பணம் கொடுப்பது, வண்டியை நிறுத்திவைத்த இடத்திலேயே ஓட்டிப்பார்த்ததாக எண்ணுவதற்கு ஒப்பாகும்.

பதினோரு மணிக்கு நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில் ஏறியது என் பிழை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இந்தத் தைலம் பணிவதில்லை. வியர்வை ஊறிய கூட்டத்தில் அது நான்கு ஆசனங்களுக்கு அப்பாலும் பரவ, அருகிலிருந்த பெரியவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கோ அப்போது ஒன்றுமே மணக்கவில்லை. ஒரே வாசனையைத் தொடர்ந்து நுகரும் மூக்கு சற்று நேரத்தில் அதை உணர மறுத்துவிடும். அந்த ஏமாற்றத்தில் மேலும் இரண்டு பீச்சு அடித்துக்கொள்பவர்களின் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் யாருக்கும் வாய்க்க வேண்டாம். பகல் வெயிலுக்கு இது ஆகாது என்பதே என் அபிப்பிராயம். மழை ஓய்ந்த அந்திக்கு, அதுவும் ஒரே ஒரு பீச்சு, மிகப் பொருத்தம்.

மாலையில் மாமி பாயசத்துக்குக் கருப்பட்டி உருக்கிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போய் அவருக்குப் பின்னால் செம்பை எடுத்தேன்.

"மக்களே, பாகு அடிபிடிக்கு, நீ பாக்கலியா?" என்றார், திரும்பாமலே.

"பாகு இல்ல மாமி, என் கை."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். பத்து மணி நேரத்துக்குப் பிறகு அதில் மிச்சமிருந்தது பச்சோலியும் இலேசான வனிலாவும் மட்டுமே. "கொள்ளாம்" என்றார். விலையைச் சொன்னேன். கையை விட்டுவிட்டார்.

இரவு குளித்த பின்னும் மணிக்கட்டில் ஓர் இழை நின்றது. சட்டைக் கையிலிருந்து போக இரண்டு வெளுப்பு பிடித்தது. காகிதத் துண்டைத்தான் காணவில்லை. நான்கு நாள் கழித்து, பாறசாலைக் கோயிலுக்குப் போக மாமி பெட்டியைத் திறந்து செட்டுமுண்டை எடுத்து உதறியபோது, மடிப்பிலிருந்து அது தரையில் விழுந்தது. மாமி என்னைப் பார்க்காமல் குனிந்து எடுத்து, அடுத்த முண்டின் மடிப்புக்குள் செருகி, பெட்டியை மூடினார்.